கேள்வி கேட்கும் பிள்ளை: கிரேக்க அளவையியலும் நம் மசலா மரபும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். இளைஞர் பிரிவினர் என்னிடம் கேட்டது வேறு. "பல்கலைக்கழகத்தில் சாக்ரட்டீஸ், அரிஸ்டாட்டில், ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று படிக்கிறோம். இதற்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அதைப் பற்றிப் பேசுங்கள் உஸ்தாத்" என்றார்கள். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இறைவனின் பண்புகளைப் பற்றிய பாடம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான். "உஸ்தாத், அல்லாஹ்வால் எல்லாம் முடியும் என்றால், அவனே தூக்க முடியாத ஒரு கல்லை அவனால் படைக்க முடியுமா?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியெல்லாம் கேட்டால் ஈமான் போய்விடும், உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

அன்று என் மேசை மீது இருந்த கித்தாபிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அது எனக்கு மனப்பாடமாகவும் தெரியும். ஆனால் தெரிந்ததை எடுத்துப் பயன்படுத்தத் தெரியவில்லை. அது ஏன் என்று யோசித்துப் படிக்கத் தொடங்கியபோதுதான் கிரேக்கர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

கிரேக்கர்களிடையே ஒரே கருத்து இருந்ததில்லை

'கிரேக்கத் தர்க்கம்' என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்கிறோம். அவர்களுக்குள் பெரிய வேறுபாடுகள் இருந்தன.

சாக்ரட்டீஸ் எந்த நூலும் எழுதவில்லை. ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மனிதர்களை நிறுத்தி, "வீரம் என்றால் என்ன? பக்தி என்றால் என்ன?" என்று கேட்பார். பதில் சொன்னவரின் வார்த்தையிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். கடைசியில், தனக்குத் தெரியும் என்று நினைத்தவருக்குத் தெரியாது என்பது தெரியவரும். கி.மு. 399இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அவருடைய மாணவர் பிளேட்டோ, இந்தக் கேள்வி-பதில் முறையை அறிவின் உச்சிப்படியாக உயர்த்தினார். அதே பிளேட்டோதான், வாதக்கலையை முப்பது வயதுக்கு முன் இளைஞர் கையில் கொடுக்காதீர்கள் என்றும் தம் 'குடியரசு' நூலில் எச்சரித்தார். சின்ன வயதில் இது கிடைத்தால், நாய்க்குட்டி கண்டதையெல்லாம் கடித்துக் குதறுவதுபோல எல்லாவற்றையும் குதறிப் பார்ப்பார்கள், கடைசியில் எதையுமே நம்பாமல் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலையைப் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அது உண்டு.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இரண்டையும் பிரித்தார். உறுதியான உண்மைகளிலிருந்து தொடங்கி முடிவுக்கு வருவது நிரூபணம். பெரும்பாலோரோ அறிவுடையோரோ ஏற்றுக்கொண்ட கருத்துகளிலிருந்து தொடங்கி விவாதிப்பது வாதக்கலை. இரண்டிலும் முடிவு ஒழுங்காகப் பெறப்படலாம். ஆனால் தொடங்கிய இடத்தின் உறுதி ஒன்றல்ல. அவர் காட்டிய நிரூபண வடிவம் நமக்குப் பழக்கமானதுதான்: போதை தரும் எல்லாம் விலக்கப்பட்டவை, இந்தப் பானம் போதை தருகிறது, ஆகவே இது விலக்கப்பட்டது. ஃபிக்ஹு படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்து ஸ்டோயிக்குகள். அரிஸ்டாட்டில் பொருள்களை வகைப்படுத்தினார் என்றால், இவர்கள் 'இப்படி என்றால் அப்படி' என்ற முழு வாக்கியங்களை ஆராய்ந்தார்கள். கடை திறந்திருந்தால் விளக்கு எரியும் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியவில்லை, ஆகவே கடை திறக்கவில்லை. இது சரி. விளக்கு எரிகிறது, ஆகவே கடை திறந்திருக்கிறது. இது தவறு. உள்ளே காவல்காரர் மட்டும் இருக்கலாம் அல்லவா? நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் பாதிச் சண்டை இந்த இரண்டாவது வகைத் தவறிலிருந்து பிறக்கிறது.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. அளவையியல் தத்துவத்தின் ஒரு பகுதி என்றார்கள் ஸ்டோயிக்குகள். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்களோ, அது எல்லா அறிவுக்கும் பொதுவான கருவி மட்டுமே என்றார்கள். இந்த இரண்டாவது கருத்துதான் பின்னாளில் நம் மதரஸாக்களின் வாசலைத் திறந்தது. கருவி என்றால் அது எந்த மதத்தவருடையது என்ற கேள்வி எழாது. கத்தி யார் பட்டறையில் செய்தது என்று பார்த்தா கறி நறுக்குகிறோம்?

பாக்தாத்திலிருந்து நம் பேச்சுக்கு வந்த சொல்

அப்பாஸியர் காலத்தில் பாக்தாத்தில் கிரேக்க நூல்கள் அரபிக்கு வந்தன. எதிர்ப்பும் வந்தது. ஹிஜ்ரி 320, அதாவது கி.பி. 932 வாக்கில், அமைச்சர் ஒருவரின் சபையில் புகழ்பெற்ற விவாதம் ஒன்று நடந்தது. ஒரு பக்கம் மொழிபெயர்ப்பாளர் அபூ பிஷ்ர் மத்தா. இன்னொரு பக்கம் இலக்கண அறிஞர் அபூ ஸயீத் அஸ்-ஸீராஃபி. உண்மையையும் பொய்யையும் பிரித்துக் காட்டும் தராசு அளவையியல் என்றார் மத்தா. நீ தராசு என்று சொல்வது கிரேக்க மொழியின் இலக்கணம்தான், எங்களுக்கு எங்கள் மொழியின் இலக்கணம் இருக்கிறது என்று மடக்கினார் ஸீராஃபி. சபை ஸீராஃபியைத்தான் மெச்சியது.

ஆனாலும் தராசு தங்கிவிட்டது. அல்-ஃபாராபி, இப்னு ஸீனா இருவரும் அதை வளர்த்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளின் இறையியல் கருத்துகளைக் கடுமையாக மறுத்தவர்கள். ஆனால் அவர்களின் அளவையியலை மறுக்கவில்லை. உஸூலுல் ஃபிக்ஹு பற்றிய தம் பெருநூலின் முன்னுரையிலேயே அதை வைத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியோர்கள் அதைத் தடுத்தார்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

இந்தக் கருத்து வேறுபாட்டை அழகாகத் தொகுத்தவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த அல்-அக்தரி. ஹிஜ்ரி 941இல் 'சுல்லம்' என்ற சிறிய மன்திக் நூலைச் செய்யுளாக இயற்றினார். சிலர் தடுத்தார்கள், சிலர் அவசியம் என்றார்கள், குர்ஆனிலும் ஹதீஸிலும் ஊன்றிய தெளிந்த புத்தி உள்ளவருக்கு ஆகும் என்பதே பிரபலமான கருத்து என்கிறார். அதை எழுதியபோது தமக்கு வயது இருபத்தொன்றுதான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி வைத்தார். முப்பது வயதுக்கு முன் கூடாது என்றார் பிளேட்டோ. இருபத்தொரு வயது இளைஞர் எழுதிய நூலை வைத்துக்கொண்டு முதிய ஆலிம்கள் நூற்றாண்டுகளாகப் பாடம் நடத்துகிறார்கள்!

தமிழ்நாட்டு அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மன்திக் பாடத்தில் 'ஈசாகோஜி' என்ற கித்தாபை ஓதியிருப்பீர்கள். அந்தப் பெயர் அரபிச் சொல் அல்ல. 'அறிமுகம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற அறிஞர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய அறிமுக நூலின் பெயர் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அல்-அப்ஹரி அதே பெயரில் அரபியில் ஒரு நூல் எழுதினார். அந்தக் கித்தாபின் தொடக்கத்தில் 'ஜின்ஸ்' என்று ஒரு சொல் வரும். பொருள்களின் இனம் என்று அர்த்தம். அதுவும் 'கெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் அரபி வடிவம்தான். அதே ஜின்ஸ் மலாயில் 'ஜெனிஸ்' ஆனது. தமிழில் 'தினுசு' ஆனது. மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடையில் "தினுசு தினுசாகக் காட்டுங்கள் பாய்" என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்கும்போது, அரிஸ்டாட்டிலின் கலைச்சொல்லைத்தான் கேட்கிறார்கள்!

மறுமலர்ச்சிக் காலத்தில் நடந்தது

இதே சண்டை ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் திரும்ப எழுந்தது. இத்தாலியில் லொரென்சோ வல்லா என்ற மொழியறிஞர், பல்கலைக்கழகங்களில் நடந்த அளவையியலைத் தாக்கினார். மனிதர்கள் பேசும் நல்ல லத்தீனை விட்டுவிட்டு, யாரும் பேசாத மொழியில் வாதம் செய்கிறீர்கள் என்றார். பாக்தாத்தில் ஸீராஃபி எழுப்பிய அதே வகைக் குற்றச்சாட்டு இது.

பிரான்சில் பீட்டர் ராமுஸ் 1543இல் அரிஸ்டாட்டிலைக் கண்டித்து நூல் வெளியிட்டார். மறு ஆண்டே மன்னர் அதைத் தடை செய்தார். இன்னொரு பக்கம், வெனிஸ் நகர அச்சகம் 1550களின் தொடக்கத்தில் அரிஸ்டாட்டிலின் நூல்களை நம் இப்னு ருஷ்தின் விளக்கவுரைகளோடு சேர்த்துப் பல தொகுதிகளாக அச்சிட்டது. அரிஸ்டாட்டிலைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு முஸ்லிம் காழியின் துணை தேவைப்பட்டது.

இத்தாலியின் பிக்கோ 1486இல் தொள்ளாயிரம் கருத்துகளைத் தொகுத்து, ரோமுக்கு வாருங்கள், விவாதிப்போம் என்று அறிஞர்களை அழைத்தார். கிரேக்கர், அரபியர், யூதர் என எல்லோரிடமிருந்தும் எடுத்த கருத்துகள் அவை. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்த விவாதத்துக்காக அவர் எழுதி வைத்த உரையின் தொடக்கமே, மனிதனைவிட வியப்புக்குரியது வேறில்லை என்று அப்துல்லா என்ற முஸ்லிம் ஒருவர் சொன்னதாகத்தான் அமைந்திருக்கிறது. அந்த அப்துல்லா யார் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. போப்பாண்டவர் அந்த விவாதத்தைத் தடுத்துவிட்டார். கேள்விக்குப் பயந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்திருக்கிறார்கள். கிள்ளான் வகுப்பில் நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

ஆயிரம் கேள்விகள், மூன்று மொழிகள்

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். மதீனாவில் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) என்ற யூத அறிஞர் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து மூன்று கேள்விகள் கேட்டார்கள், பதிலில் உண்மையைக் கண்டு இஸ்லாத்தை ஏற்றார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. கேள்வி கேட்டதற்காக அவர்களை யாரும் விரட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சம்பவம் பிற்காலத்தில் விரிந்து வளர்ந்து, ஆயிரம் கேள்விகள் என்ற ஒரு நூலாக அரபியில் உருவானது. வானம், பூமி, படைப்பு, சொர்க்கம், நரகம், மறுமை எல்லாம் அதில் கேள்வியும் பதிலுமாக வருகின்றன. அதில் உள்ள செய்திகள் அனைத்தும் ஆதாரப்பூர்வமானவை அல்ல என்று உலமாக்கள் சொல்வதையும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அந்த நூல் தமிழுக்கு வந்தது. வண்ணப்பரிமளப் புலவர் அதை ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களில் 'ஆயிர மசலா' என்று பாடி, 1572இல் மதுரையில் அரங்கேற்றினார். மசாலா அல்ல, மசலா! அரபியில் மஸ்அலா என்றால் வினா. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியதாக இதைத்தான் சொல்கிறார்கள். சீறாப்புராணத்துக்கும் மூத்தது. நம் இலக்கியத்தின் வாசற்படியிலேயே கேள்விதான் நிற்கிறது என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

அதே நூல் மலாயில் 'செரிபு மஸ்அலா' ஆனது. ஜாவா மொழியிலும் உண்டு. நம் அண்டை வீட்டு மலாய்க்காரரின் முன்னோரும் நம் முன்னோரும் ஒரே கேள்விகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இன்னொரு மொழிபெயர்ப்பும் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இதே நூலை லத்தீனுக்கு மாற்றினார்கள். கிறிஸ்தவத் துறவி ஒருவர், இஸ்லாத்தை மறுப்பதற்காகக் குர்ஆனையும் வேறு சில நூல்களையும் மொழிபெயர்க்கச் சொன்னார். அவற்றில் இதுவும் ஒன்று. 1543இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அந்தத் தொகுப்பு அச்சானது. நகர மன்றம் முதலில் அச்சுப் பிரதிகளைப் பறிமுதல் செய்து, அச்சகத்தாரைச் சிறையிலும் போட்டது. மார்ட்டின் லூதர் கடிதம் எழுதிய பிறகே நூல் வெளிவந்தது. இஸ்லாத்தை மறுப்பதற்கு உதவும் என்பதுதான் லூதரின் வாதம்.

ஆக, அடிப்படையில் ஒரே நூல். பாசலில் அது எதிரியை மடக்குவதற்கு. மதுரையிலும் மலாய் நாட்டிலும் அது உண்மையை அறிவதற்கு. மடக்குவதற்காகக் கேட்பதா, அறிவதற்காகக் கேட்பதா என்பதைப் பொறுத்தே ஒரு கேள்வி மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிறது. பிளேட்டோ பயந்தது முதலாவதற்கு. சாக்ரட்டீஸ் உயிரைக் கொடுத்தது இரண்டாவதற்கு.

மதுரையில் ஆயிர மசலா அரங்கேறிய அதே 1572இல் பாரிஸ் நகரில் மதக் கலவரம் மூண்டது. அரிஸ்டாட்டிலை எதிர்த்த ராமுஸை அதில் கொன்றுவிட்டார்கள். ஆண்டு ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் ஒரு யூத அறிஞரின் கேள்விகளுக்கு நபியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்லும் காவியத்தை, நாயக்க மன்னர் ஆண்ட மதுரையில் ஒரு முஸ்லிம் புலவர் தமிழில் பாடினார் என்பதை நினைத்து நாம் பெருமைப்படலாம்.

சகோதரிகளுக்கும் ஒரு செய்தி. 'நூறு மசலா'வில் கேள்வி கேட்பவள் ஒரு பெண். 'வெள்ளாட்டி மசலா'வில் அறிஞர்களின் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி வெல்பவள் ஓர் அடிமைப் பெண். நம் பாட்டிமார்கள் இவற்றை வீட்டில் படிக்கக் கேட்டவர்கள்.

அளவை நமக்குப் புதிதல்ல

அறிவு எதன் வழியாக வருகிறது என்பதை அகாயித் நூலான நஸஃபி மூன்றாகச் சொல்லும்: ஆரோக்கியமான புலன்கள், உண்மையான செய்தி, புத்தி. 1590இல் எழுதப்பட்ட இந்நூலின் மலாய் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி கிடைத்திருக்கிறது. பேராசிரியர் சையது நகீப் அல்-அத்தாஸ் அதைப் பதிப்பித்து, அறியப்பட்ட மலாய்ப் பிரதிகளில் மிகப் பழையது என்று எழுதினார். தமிழ் மரபில் இதையே காட்சி, கருதல், உரை என்பார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் கேட்டறிந்தவற்றில் இந்த அளவைகளும் உண்டு. தமிழில் படித்தாலும் மலாயில் படித்தாலும் தராசு ஒன்றுதான்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் நம் பிள்ளைகள் எல்லோரும் சிஃபாத் இருபது ஓதுகிறார்கள். அதற்கு மூலமான நூலை எழுதிய இமாம் ஸனூஸி 1490இல் மறைந்தவர். மன்திக்கிலும் நூல் எழுதியவர். பண்புகளைச் சொல்வதற்கு முன்பே அவர் ஓர் அளவையை வைக்கிறார். புத்தி எதையும் மூன்றில் ஒன்றாகத் தீர்மானிக்கும்: இருந்தே ஆக வேண்டியது, இருக்கவே முடியாதது, இருக்கவும் இல்லாமலிருக்கவும் கூடியது. வாஜிப், முஸ்தஹீல், ஜாயிஸ். இறைவனின் வல்லமை மூன்றாவது வகையோடு தொடர்புடையது.

'எல்லாம் வல்லவன் தூக்க முடியாத கல்' என்பது 'நான்கு பக்கமுள்ள முக்கோணம்' போன்றது. சொற்களை அடுக்கியிருக்கிறோம், அந்தச் சொற்களுக்குப் பின்னால் பொருள் எதுவும் இல்லை. இல்லாத ஒன்றைப் படைக்கவில்லை என்பது வல்லமையில் குறை ஆகாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கவில்லை. வாஜிப், முஸ்தஹீல், ஜாயிஸ் என்று ராகம்போட்டு ஓதினேனே தவிர, அது ஒரு கருவி என்பதை உணரவில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் அவனைப் பார்த்தேன். வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஆகிவிட்டிருந்தான். தே தாரேக் சொல்லிவிட்டு, அன்றைய கேள்விக்கான பதிலைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். பொறுமையாகக் கேட்டான். "பதில் தெரியாமல் இருந்தது எனக்குப் பெரிய விஷயமில்லை உஸ்தாத். கேட்டதால் எனக்கு ஈமான் போய்விட்டது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்" என்றான். நான் என்ன சொல்ல? அவன்தான் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்து, "ஆறிவிடும், குடியுங்கள்" என்றான்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

விவாதத்துக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். தொலைந்த பொருளைத் தேடுகிறவன்போல விவாதிக்க வேண்டும். அது தன் கையில் கிடைத்தாலும் பிறர் கையில் கிடைத்தாலும் மகிழ வேண்டும். கூட்டத்தின் முன் பேசுவதைவிடத் தனிமையில் பேசுவதை விரும்ப வேண்டும். பிறை, மவ்லிது, கத்தம் என்று நாம் போடும் சண்டைகளை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

அதனால் மூன்று வேண்டுகோள். முதலாவது, மாதம் ஒருமுறை சங்கத்தில் 'மசலா மாலை' வையுங்கள். பிள்ளைகள், பெண்கள் யாரும் பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். எந்தச் சீட்டையும் கிழித்துப் போடக் கூடாது. இரண்டாவது, பதில் சொல்பவர் 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்வதை நாம் மதிக்கப் பழக வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்டபோது முப்பத்திரண்டுக்குத் தெரியாது என்றார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அவர்களுக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு? மூன்றாவது, சங்க நூலகத்தில் ஆயிர மசலாவையும் செரிபு மஸ்அலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் பேரப்பிள்ளைகளில் பலருக்கு மலாய் சரளம், தமிழ் தடுமாற்றம். ஒன்றின் துணையால் மற்றொன்றைப் படிக்கட்டும்.

ஐம்பதாண்டில் இந்தச் சங்கம் கட்டடம் கட்டியது, ஜனாஸா உதவி செய்தது, படிப்புதவி கொடுத்தது. அல்லாஹ் அந்த உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. அடுத்த ஐம்பதாண்டில், நம் வகுப்பறையில் கை உயர்த்தும் எந்தப் பிள்ளையும் கேட்டதற்காகப் பயந்து வீடு திரும்பாதிருக்க அவன் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.